வடசென்னையில் இருந்துகொண்டு இளையோர் நாவலாசிரியர் ஆவது எப்படி? முதல் குறிப்பேட்டிலிருந்து இரண்டாவது புத்தகம் வரை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளை நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டாவது படிக்கிற ஒரு பெண் நூலகரிடம் போய், "மேடம், என் வயசுக்கு ஏத்த மாதிரி கதை புக்கு இருக்குதா?" என்று கேட்டாள். அவர் முதலில் சிறுவர் அலமாரியைக் காட்டினார். சிங்கமும் முயலும் பேசுகிற கதைகள். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அடுத்து பெரியவர்கள் அலமாரியிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்துக் கொடுத்தார். நாலு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிட்டாள். அந்த இரண்டு அலமாரிக்கும் நடுவில்தான் நம் வேலை இருக்கிறது. அங்கே இடம் நிறையக் காலியாக இருக்கிறது. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ உட்கார்ந்துகொண்டு அந்த இடத்துக்கு எழுத ஆசைப்படுகிறவர்களுக்காக, நான் கடந்துவந்த வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், யாருக்கு எழுதுகிறோம்

இளையோர் புனைவு என்றால் ஏறத்தாழ 13 வயதிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களுக்கான கதை. சிறார் இலக்கியத்தின் நீளமான வடிவம் என்று இதை நினைத்துவிட வேண்டாம். சிறார் கதையில் பிரச்சினை வந்தால் பெரியவர் யாராவது வந்து தீர்த்துவைக்கலாம். இளையோர் நாவலில் அந்தப் பையனோ பெண்ணோதான் முடிவெடுக்க வேண்டும், முடிவின் விளைவையும் அவர்களே சுமக்க வேண்டும். கதை நடக்கும் இடம் அவர்கள் கண் உயரம். முப்பது வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்து "அதெல்லாம் ஒரு காலம்" என்று பெருமூச்சு விடுகிற குரலில் எழுதினால், அது இளமைக்காலத்தைப் பற்றிய பெரியவர் நாவல். நல்ல நாவலாகவே இருக்கலாம். ஆனால் பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அது தன் கதையாகத் தெரியாது.

இந்த வகையின் வரலாற்றில் எனக்குத் தெம்பு தருகிற ஒரு தகவல் உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்கிற ஊரில், எஸ்.ஈ. ஹிண்டன் என்ற பள்ளி மாணவி 15 வயதில் ஒரு நாவலை எழுதத் தொடங்கினார். ஊரின் ஏழைப் பையன்களுக்கும் வசதியான வீட்டுப் பையன்களுக்கும் நடுவில் நடக்கும் மோதல்தான் கதை. 1967-ல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 18. இன்றைய இளையோர் நாவல் என்கிற வகைக்கே தொடக்கமாகப் பலர் சொல்வது அந்தப் புத்தகத்தைத்தான். பாலத்துக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் என்று ஊர் பிரிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்தப் பெண் எதைப் பார்த்து எழுதினார் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

படிப்பு: ஆறு மாதம்

எழுத உட்காருவதற்கு முன் ஆறு மாதம் இந்த வகையை மட்டும் படியுங்கள். எழும்பூரில் 1896-லிருந்து இயங்குகிற கன்னிமாரா நூலகம் நமக்குப் பக்கம். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் கொஞ்சம் தூரம் என்றாலும் ஒரு நாள் முழுக்க உட்காரலாம். சிறுவர் பகுதிக்கென்றே அங்கே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழில் வருவதைப் படியுங்கள். மலையாளம், வங்காளத்திலிருந்து மொழிபெயர்ப்பாக வருவதையும் விடாதீர்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கதையின் திருப்பத்தை உண்டாக்கியது யார், பெரியவரா, பிள்ளையா? இருபது புத்தகம் இப்படிக் குறித்தபின் உங்கள் கதையை எடுத்துப் பார்த்தால், அது எங்கே சறுக்குகிறது என்று தானாகத் தெரிந்துவிடும்.

கேட்பதும் சேர்ப்பதும்

இந்தப் படியை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். வடசென்னை என்றாலே வெளியில் இருப்பவர்களுக்கு அரிவாள், கானா, குத்துச்சண்டை, கேரம் போர்டு என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. கேரமும் குத்துச்சண்டையும் உண்மையிலேயே நம் தெருக்களில் இருப்பவைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேரம் ஆடுகிற பையன் மற்ற இருபத்திரண்டு மணி நேரம் என்ன செய்கிறான்? டியூஷனுக்குப் போகிறான், தண்ணி லாரிக்குக் குடம் வைக்கிறான், தங்கச்சிக்கு ஜடை பின்னத் தெரியாமல் முழிக்கிறான், பக்கத்து பிளாக் பெண் ஸ்டேட்டஸில் போட்ட பாட்டை நாலு தடவை கேட்கிறான். நாவல் இருப்பது அந்த இருபத்திரண்டு மணி நேரத்தில்தான்.

ஒரு நோட்டு வைத்துக்கொண்டு இடங்களுக்குப் போங்கள். விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடக்கும்போது போனால், அம்மாவோடு கூடை பிடித்துவிட்டு அப்படியே பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். சாயங்காலம் மிண்ட் பஸ் ஸ்டாண்டில் பள்ளி விட்ட நேரத்தில் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் வியாசர்பாடியில் இருக்கின்றன. பாரிமுனைப் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுகிற பத்துப் பேரில் எத்தனை பேருக்கு அந்தத் தட்டு எப்படி இங்கே வந்தது என்று தெரியும்? அந்தக் கேள்வியோடு தாத்தாவிடம் போய் உட்கார்கிற ஒரு பேத்தி போதும், ஒரு நாவல் தொடங்கிவிடும். பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், சௌகார்பேட்டையில் மார்வாடி வீடுகள், மண்ணடியில் உருது பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிற தெருக்கள் என்று நம் வகுப்பறைகளில் எத்தனை வீட்டு மொழி கலந்து உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வரலாறும் காலடியிலேயே கிடக்கிறது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசியபோது துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. 1918-ல் சென்னை தொழிலாளர் சங்கம் உருவானதற்குப் பின்னால் பெரம்பூர் மில் தொழிலாளிகள் இருந்தார்கள். இந்தத் தேதிகளை அப்படியே கதையில் கொட்டினால் பாடப்புத்தகம் ஆகிவிடும். அந்த இரவில் 14 வயதுப் பெண் ஒருத்தி எங்கே இருந்தாள், யாரைத் தேடினாள் என்று கேட்டால்தான் கதை.

பேச்சு மொழியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இன்னா", "கீது", "அப்பால", "பேஜாரு" என்று ஒவ்வொரு வரியிலும் தூவினால் நம் பிள்ளைகளே சிரிப்பார்கள். ஒரே வீட்டில் பாட்டி ஒரு மாதிரி, கல்லூரி போகிற அக்கா வேறு மாதிரி, வகுப்பில் டீச்சர் முன்னால் அதே பையன் இன்னொரு மாதிரி பேசுவான். யார் யாரிடம் எப்போது எப்படி மாற்றிப் பேசுகிறார்கள் என்பதைத்தான் நோட்டில் எழுத வேண்டும். பிளஸ் ஒன் போன முதல் வாரத்தில் ஒரு பையன் "இன்னா" என்பதை விட்டு "என்ன" என்று சொல்லப் பழகுகிறான் என்றால், அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது!

கேட்பதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரு பிள்ளை நம்பிச் சொன்ன துயரத்தை அப்படியே தூக்கிக் கதையில் வைக்கக்கூடாது. பெயரை மாற்றினாலும் தெரு, பள்ளி, அப்பாவின் தொழில் மூன்றும் சேர்ந்தால் அந்தத் தெருவுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். 2012-ன் போக்சோ சட்டமும் 2015-ன் சிறார் நீதிச் சட்டமும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் அடையாளம் ஊடகங்களில் வெளிவருவதைத் தடுப்பது எதற்காக என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். அத்தோடு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள்தான் நம் பாத்திரங்கள். காதல் வரலாம், வரத்தான் வேண்டும். அந்த வயதின் படபடப்பை எழுதலாம். உடலைக் காட்சிப்பொருளாக்கும் எழுத்துக்கு இங்கே இடமே இல்லை. பிள்ளை ஏதாவது ஆபத்தைச் சொன்னால் நோட்டை மூடிவிட்டு 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க உதவுங்கள். கதை அப்புறம்.

எழுதுவது

ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால் எளிது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. இதை நாவலாக்க நினைக்கிற புதியவர் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்:

"வறுமையின் பிடியில் வாடிய அந்த மீனவச் சிறுவனின் கண்களில் எதிர்காலம் பற்றிய ஏக்கம் தெரிந்தது."

யார் பார்க்கிறார்கள் இவனை? வெளியிலிருந்து வந்த ஒரு பெரியவர். இப்போது அவனே பேசட்டும்:

"ஸ்கூல் ஷூவுல கறுப்பு எண்ணெய் ஒட்டினா சோப்பு போட்டாலும் போகாது. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்ச்சா போகும்னு பெரியப்பா சொன்னார். அவர் கைக்குச் சொன்னார். நான் ஷூவுக்குச் செஞ்சேன். அம்மா பாட்டிலைப் பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லல. அதுதான் பயமா இருந்துச்சு."

வறுமை என்ற சொல்லே இல்லை. வீட்டில் எண்ணெய் பாட்டில் காலியாவது பெரிய விஷயம் என்பதும், கடலுக்குப் போகாத நாட்கள் நீண்டுகொண்டே போகின்றன என்பதும் தெரிந்துவிட்டது. அடுத்து அவனுக்கு ஒரு ஆசை வேண்டும், அந்த ஆசைக்குத் தேதி வேண்டும். மாவட்ட அளவிலான கால்பந்துத் தேர்வு பொங்கலுக்கு அப்புறம் என்று வையுங்கள். ஷூ வேண்டும், பஸ் காசு வேண்டும், அதே நாளில் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்க வீட்டில் ஆள் வேண்டும். போவதா நிற்பதா என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். நாவலின் முதுகெலும்பு இவ்வளவுதான்.

அளவைப் பற்றிக் கேட்பார்கள். ஆங்கிலத்தில் இந்த வகை நாவல்கள் 50,000 சொற்களைத் தாண்டுவது சாதாரணம். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு வருவதால் எண்ணிக்கை குறையும். படிக்கிற பழக்கம் இப்போதுதான் பிடிக்கிற வாசகர் என்பதையும் மனதில் வைத்து, முதல் நாவலை நான் 22,000 சொற்களில் நிறுத்தினேன். ஒரு நாளைக்கு 300 சொல் என்றால் மூன்று மாதத்துக்குள் முதல் வரைவு முடிந்துவிடும். அலுவலகம் போகிறவர்கள் அதிகாலையில் எழுதலாம். எங்கள் தெருவில் ஐந்து மணிக்கு மேல் தண்ணி மோட்டார் சத்தம் தொடங்கிவிடும், அதனால் நான் நாலரைக்கே உட்காருவேன். தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். தமிழ்99 விசைப்பலகையை ஒரு மாதம் பழகிவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கைக்கு நிம்மதி.

முடிவில் பாடம் சொல்லாதீர்கள். "அன்று முதல் அவன் நன்றாகப் படித்தான்" என்று முடிந்த கதைகளை நம் பிள்ளைகள் ஏற்கெனவே போதுமான அளவு படித்துவிட்டார்கள்.

பிள்ளைகள் கையில் வரைவு

இரண்டாவது வரைவு முடிந்ததும் பத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு. நான் ஒரு ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் வாசித்தேன். வாசிக்கும்போது காகிதத்தைப் பார்க்காமல் முகங்களைப் பாருங்கள். எங்கே போனை எடுக்கிறார்களோ அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு. என் கதையில் ஒரு பையன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிற காட்சி, நான் அழுதுகொண்டே எழுதியது. ஒன்பதாவது படிக்கிற ஒருவன் கையைத் தூக்கி, "அக்கா, அவன் இப்டி வாயைத் தொறந்து சாரி சொல்ல மாட்டான். அப்பா சட்டையை எடுத்து அயர்ன் பண்ணி வெச்சிருவான்" என்றான். காட்சியை அன்று இரவே மாற்றி எழுதினேன். புத்தகம் வந்தபிறகு அதிகம் பேர் எனக்குச் சொன்னது அந்தச் சட்டையைப் பற்றித்தான். நன்றிப் பக்கத்தில் அவன் முதல் எழுத்து இருக்கிறது.

எங்கே அனுப்புவது

நாவலுக்கு முன் இரண்டு மூன்று சிறுகதைகள் இதழ்களில் வந்திருந்தால் நல்லது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர், பள்ளிக் கல்வித் துறையின் தேன்சிட்டு போன்றவை இந்த வயதுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பதிப்பகங்களில் பாரதி புத்தகாலயம் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' என்ற பெயரில் தொடர்ந்து சிறார், இளையோர் நூல்களைக் கொண்டுவருகிறது. 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட்டும் உண்டு. மற்ற பதிப்பகங்களைக் கண்டுபிடிக்க எளிய வழி, உங்களுக்குப் பிடித்த புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து பார்ப்பதுதான்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977-லிருந்து நடக்கிறது. இப்போதெல்லாம் பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடப்பது வழக்கம். தமிழ்ப் பதிப்பகங்களின் ஆண்டே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. நவம்பரில் கையெழுத்துப் பிரதியோடு போய் நின்றால் யாருக்கும் படிக்க நேரம் இருக்காது. மே, ஜூனில் அனுப்புங்கள். ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம், முடிவையும் சேர்த்து. எந்த வயதுக்கு, எத்தனை சொல், நீங்கள் யார் என்பது இன்னொரு பக்கம். முதல் மூன்று அத்தியாயம். மூன்று மாதம் பொறுத்துவிட்டு ஒரு முறை மரியாதையாக விசாரிக்கலாம்.

ஒப்பந்தம்: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

என் முதல் புத்தகம் வாய்வார்த்தையில் அச்சானது. எத்தனை பிரதி அடித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தேன். அந்தப் பதிப்பாளர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. எழுதி வைக்காததால் இரண்டு பேருக்கும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, எழுதி முடித்த கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் என்று இல்லை. உங்கள் வாழ்நாளுக்கும் அதற்குப்பின் 60 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பகுதி, எவ்வளவு தொகை என்பவை அதில் வர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால், ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும்.

அச்சு நூல் உரிமையை மட்டும் கொடுங்கள். ஒலிநூல், மின்னூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் நான்கையும் தனித்தனியாகப் பேசலாம். வடசென்னைக் கதைகளைத் தேடிச் சினிமாக்காரர்கள் வருகிற காலம் இது. திரைப்பட உரிமை என்கிற அந்த ஒரு வரியை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அச்சிலும் எத்தனை பிரதி என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு வர வேண்டும் என்பதையும் சேருங்கள். புத்தகம் வந்ததும் சட்டப்படி பதிப்பாளர் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பினாரா என்று கேளுங்கள்.

பணம் பற்றி வெளிப்படையாகவே பேசலாம். தமிழில் வழக்கமான ராயல்டி, அதாவது விற்கும் பிரதிக்கு எழுத்தாளரின் பங்கு, விலையில் 10 சதவீதம் அளவில். 180 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் உங்களுக்கு 9,000 ரூபாய். ஒரு வருஷத்து உழைப்புக்கு இவ்வளவுதானா என்று வீட்டில் கேட்பார்கள், கேட்பது நியாயம். அதனால் வேலையை விடாதீர்கள். எனக்குத் தெரிந்து இந்த வகையில் நிலைத்து நிற்பவர்கள் ஆசிரியர் வேலை, மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், பள்ளிகளில் கதைப் பட்டறை என்று இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள். பொது நூலகத் துறையின் நூலக ஆணை, அதாவது நூலகங்களுக்காக மொத்தமாக வாங்கும் ஆணை, கிடைத்தால் ஒரே தடவையில் பெரிய எண்ணிக்கை போகும். அறிவிப்பு வந்ததும் பதிப்பாளர் விண்ணப்பித்தாரா என்று பாருங்கள். சாகித்ய அகாதெமி 2010-லிருந்து சிறார் இலக்கியத்துக்குப் பால சாகித்ய புரஸ்காரும், 2011-லிருந்து 35 வயது வரை உள்ளவர்களுக்கு யுவ புரஸ்காரும் தருகிறது. இரண்டுக்கும் 50,000 ரூபாய். விருதை நம்பி வீட்டுக் கடனைத் திட்டமிட முடியாது, ஆனால் விருது வந்த புத்தகத்தை நூலகங்கள் தேடும் என்பது உண்மை.

புத்தகம் வந்த பிறகு

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். நம் வாசகர் புத்தகக் கடைக்குத் தானாக வருகிறவர் இல்லை. 180 ரூபாயை வீட்டில் கேட்டு வாங்குவது அவருக்குச் சுலபமும் இல்லை. நாம்தான் போக வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி எதுவானாலும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாற்பது நிமிடம் கேளுங்கள், முப்பதில் முடியுங்கள். உரை நிகழ்த்த வேண்டாம். ஒரு அத்தியாயத்தைச் சரியாகச் சிக்கலான இடத்தில் நிறுத்திவிட்டு, வகுப்பறைக்கு இரண்டு பிரதி வைத்துவிட்டு வாருங்கள். நான் ராயல்டிக்குப் பதிலாக ஐம்பது பிரதியைக் கழிவு விலையில் வாங்கி இப்படிக் கொடுத்தேன். ஒரு வருஷத்தில் பிரதிகள் கிழிந்துபோயின, அட்டையே இல்லாத ஒன்றை ஒரு பிள்ளை நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தாள்.

கிளை நூலகங்களின் வாசகர் வட்டம், தெருமுனை இரவுப் பாடசாலை, கால்பந்துப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் உட்கார்கிற திடல் என்று எங்கும் வாசிக்கலாம். தமிழ்நாடு சிறார் எழுத்தாளர்கள் கலைஞர்கள் சங்கத்தில் சேர்ந்தால் இதே வேலை செய்கிறவர்களின் துணை கிடைக்கும்.

இரண்டாவது புத்தகம்

இந்தத் தொழிலின் விசித்திரம், ஐந்தாறு வருஷத்தில் வாசகர் மொத்தமாக வளர்ந்து போய்விடுவார். புதிதாக வேறொரு கூட்டம் வந்து உட்காரும். அவர்கள் பேசும் சொல் மாறியிருக்கும், விளையாட்டு மாறியிருக்கும். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபின் பிள்ளைகள் சுற்றுகிற தூரமே மாறிவிட்டது. பழைய நோட்டை வைத்து இரண்டாவது நாவலை எழுத முடியவில்லை, நான் முயன்று பார்த்துத் தோற்றேன். மறுபடி மிண்டில் போய் நின்றேன்.

சட்டை அயர்ன் பண்ணச் சொன்ன பையன் இப்போது கல்லூரி முதல் வருஷம். அவன் தங்கச்சிக்கு 13 நடக்கிறது. புது வரைவின் முதல் மூன்று அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு அதே மொட்டை மாடி, அவளையும் அவள் தோழிகள் நாலு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.